பாம்பேயின் முனைக்கடை: கேள்வி பதில்

இத்தாலியில் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரம் பாம்பேய். அதன் 5ஆம் வட்டாரத்தில், இரண்டு சந்துகள் சேரும் முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அகழாய்வில் 2019இல் தலைகாட்டியது, 2020 டிசம்பரில் முழுதாக வெளிவந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மதுரை மாணவி: அது வீடு இல்லை, கடைதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. எல்லாரும் சுவர் ஓவியத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் வாசல் படிக்கல்லைப் பாருங்கள். வீட்டு வாசல் என்றால் இரட்டைக் கதவு சுழல இரண்டு பக்கமும் குழி இருக்கும். கடை வாசல் அகலமானது. படிக்கல்லில் நீளவாக்கில் ஒரு காடி ஓடும், ஒரு ஓரத்தில் மட்டும் குழி இருக்கும். காடியில் பலகைகளை வரிசையாகச் செருகிவிட்டு, ஓரத்துச் சிறு கதவைச் சாத்திப் பூட்டுவார்கள். நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளின் பலகைக் கதவேதான். அந்த மரம் மட்கிப் போனாலும் இறுகிய சாம்பலில் அதன் வடிவம் வெற்றிடமாக நின்றது. 1863இல் பாம்பேயைத் தோண்டிய தொல்லியலாளர் ஃபியோரெல்லி இறந்தவர்களின் உடல் வடிவங்களை எடுத்தது போலவே கடைக் கதவுகளையும் ஜிப்சம் சாந்து ஊற்றி எடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் மேடை. தெருவைப் பார்த்துக் கட்டிய செங்கல், கல் மேடை. அதற்குள் பெரிய மண்சால்களைக் கழுத்துவரை பதித்து, வாய் மட்டும் மேலே தெரியும்படி விட்டிருப்பார்கள். இப்படி மேடை போட்ட கடைகள் பாம்பேயில் எண்பது வாக்கில் உண்டு.

திருச்சி வாசகர்: மேடையில் வரைந்த வாத்தும் சேவலும்தானே அன்றைய மெனு?

படத்தை வைத்து மெனு எழுதாதீர்கள். அதே மேடையில் கடல் குதிரை மேல் ஒரு கடல் தேவதையும் இருக்கிறாள், அவளையுமா பரிமாறினார்கள்? கட்டிய நாய் ஒன்றும் இருக்கிறது. அதைச் சுற்றிய சட்டத்தில் நிக்கியாஸ் என்பவரைப் பற்றி யாரோ கெட்ட வார்த்தை கீறி வைத்திருக்கிறார்கள். வாத்து விற்றார்கள் என்று நான் நம்புவதற்குக் காரணம் படமில்லை, கிடைத்த வாத்து எலும்புத் துண்டு.

சென்னையிலிருந்து: அண்ணா, பீட்சா விற்றார்களா?

இல்லை. 2023இல் வேறொரு வீட்டுச் சுவரில் வெளிவந்த ஓவியத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள். அது தட்டை ரொட்டி, மேலே பழங்கள். தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே கொலம்பஸுக்குப் பிறகுதான்.

சாலுக்குள் மனித எலும்பு கிடைத்ததாமே?

கிடைத்தது. சமைக்கவில்லை, பயப்படாதீர்கள். முந்தைய நூற்றாண்டுகளில் பொருள் தேடிச் சுரங்கம் வெட்டியவர்கள் குறுக்கே வந்த எலும்புகளை அதில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்கிறார்கள். ஐம்பது வயதாவது இருந்திருக்கக்கூடிய இன்னொருவர் ஒரு கட்டிலருகே கிடந்தார். எனக்குச் சுவாரசியமானது கடையில் கிடைத்த நாய்தான். வளர்ந்த நாய், ஆனால் தோள் உயரம் 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். ரோமானியர் குள்ள இனம் வளர்த்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

விலை என்ன இருக்கும்?

இந்தக் கடையின் விலை தெரியாது. பாம்பேயிலேயே வேறொரு சுவரில், ஹெடோனே என்பவளின் பேரில் ஒரு கிறுக்கல் உண்டு: ஒரு அஸ் (ரோமானியச் சில்லறைக் காசு) கொடுத்தால் ஒயின், இரண்டு கொடுத்தால் நல்லது, நான்கு கொடுத்தால் ஃபலெர்னிய ஒயின். அன்றைக்கு அதுதான் உசத்தி.

பீட்சா கடை என்று ஒரு வீடியோவில்...

மேலே பாருங்கள்.

தஞ்சை ஆசிரியர்: ஐயா, பாம்பேயில் கிடைத்த லட்சுமி சிலை தமிழர் வணிகத்துக்குச் சான்றுதானே?

இந்தியத் தொடர்புக்குச் சான்று, தமிழகத்துக்கு இல்லை. 1938இல் கிடைத்த தந்தச் சிலை அது. லட்சுமியா என்பதிலேயே சந்தேகம் உண்டு, யட்சி என்பவர்கள் பலர். அடியில் உள்ள எழுத்து கரோஷ்டி, வடமேற்கு இந்தியாவில் வழங்கியது. தெற்கைத் தேடுகிறீர்களானால் மிளகைப் பிடியுங்கள். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்வது சேரர் துறைமுகமான முசிறியைத்தான். ரோமில் கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். ஒரு தினாரியஸ் வெள்ளிக்காசுக்கு 16 அஸ், அதாவது 64 அஸ். ஹெடோனேயின் மலிவு ஒயினை 64 முறை வாங்கிக் குடிக்கலாம்.

எரிமலை வெடித்தது ஆகஸ்டா, அக்டோபரா?

கி.பி. 79ஆம் ஆண்டு. மாதத்துக்குச் சண்டை ஓயவில்லை. 2018இல் கிடைத்த கரிக் கிறுக்கலில் அக்டோபர் 17 என்று பொருள்படும் தேதி உண்டு, ஆண்டு இல்லை. இதற்குமேல் இன்று வேண்டாம்.

சேலத்தில் ஓட்டல் நடத்துபவர்: சார், அந்தச் சால்களில் சூடான குழம்பு வைத்து மொண்டு ஊற்றினார்கள் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், நான் ஒப்பவில்லை. சால் கட்டுமானத்துக்குள் இறுகிக் கிடக்கிறது. அடியில் நெருப்பு வைக்க இடமில்லை, வெளியே எடுக்கவும் முடியாது. மெருகு பூசாத மண்பாண்டம் எண்ணெயை உறிஞ்சும். ராத்திரி எப்படிக் கழுவுவீர்கள்? அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் இப்படிப்பட்ட சால்களில் கருகிய தானியமும் பருப்பும் கிடைத்தன. உலர் பண்டத்துக்குத்தான் அவை தோது.

அவரே: ஓட்டல்காரன் சாலில் நேரே ஊற்ற மாட்டான் சார். உள்ளே வேறு பாத்திரம் இறக்கி வைப்பான்.

இது பேராசிரியர்களுக்குத் தோன்றாமல் ஓட்டல்காரருக்குத் தோன்றுகிற பதில். இந்தக் கடையிலும் வெண்கலப் பாத்திரமும் மண்பானைகளும் கிடைத்தன. ஆனால் பல சால்களின் வாய் வயிற்றைவிடக் குறுகலானது. வாய்க்குள் நுழையும் பாத்திரம் சிறியது, அதற்கு இவ்வளவு பெரிய சால் எதற்கு?

கோவை வாசகர்: நடுவில் வருகிறேன். பாம்பேயிலேயே இன்னொரு கடை, வெட்டூடியஸ் பிளாசிடஸ் என்பவருடையது, அதன் சாலில் காசு இருந்ததே?

ஆமாம், ஆயிரத்துக்கு மேற்பட்ட நாணயங்கள், 3 கிலோ வாக்கில். கல்லாப்பெட்டியோ, ஓடும்போது ஒளித்ததோ, அந்தச் சால் அன்று காய்ந்து கிடந்தது என்பது மட்டும் உறுதி.

சேலத்துக்காரர்: அப்படியானால் 5ஆம் வட்டாரக் கடையில் எலும்பு எப்படி வந்தது? உலர்ந்த பருப்பில் எலும்பு ஏது?

இங்கேதான் நீங்கள் என்னை மடக்குகிறீர்கள். வாத்தோடு பன்றி, ஆடு, மீன், நத்தை எச்சங்களும் அங்கே பாத்திரங்களில் கிடைத்தன. ஒரு சாலின் அடியில் ஃபாவா அவரைத் தூள் இருந்தது, ஒயினின் நிறமும் சுவையும் மாற்றப் போடுவது. ஆக அது ஒயின் சால். வெந்த சாப்பாடு விற்றார்கள் என்பதை நான் மறுக்கவே இல்லை. ரோமில் பேரரசர் நீரோ கீரை, பருப்பு தவிர வெந்தது எதையும் விற்கக் கூடாது என்றார், பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் பருப்பு மட்டும் என்றார். விற்காததை யார் தடுப்பார்கள்? என் சண்டை, எண்பது கடைக்கும் ஒரே சமையல் குறிப்பு எழுதுவதோடுதான். சில மேடைகளின் ஓரத்தில் தனி அடுப்பு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அடுப்பு உள்ள கடையையும் இல்லாத கடையையும் பிரித்து வைத்துக்கொண்டு வாருங்கள், மீதியைப் பேசலாம்.

கடைசியாக ஒருவர்: அந்தக் கடைக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

2021 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்தார்கள். இன்றைய நேரம், டிக்கெட் எல்லாம் பாம்பேய் தொல்லியல் பூங்காவிடம் கேளுங்கள். மேடை மேல் பையை வைக்காதீர்கள்.