சேப்பாக்கத்துச் சதங்கள்: வாசகர் கேள்விகள்

‘சேப்பாக்கத்தில் அடித்த சதங்களைப் பற்றிக் கேளுங்கள்’ என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டார். ஒரு பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. லீக் மேட்சுகளுக்கு முப்பது வருடம் ஸ்கோர் எழுதினேன், அதுதான் என் ஒரே தகுதி. டெஸ்ட் பார்க்கப் போனாலும் மடியில் நோட்டு இருக்கும். பேட்ஸ்மேன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஓரத்தில் சின்னதாக ‘த’ என்று குறிப்பேன். ஏன் அந்தப் பழக்கம் என்று கீழே புரியும்.

சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் சதம் அடித்தவர் யார்? (சேலம்)

இங்கிலாந்தின் சிரில் வால்டர்ஸ். 1934 பிப்ரவரியில், இங்கே நடந்த முதல் டெஸ்டிலேயே 102. நம் ஆள் ஒருவர் அடிக்கப் பதினெட்டு வருடம் ஆனது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ராய் 111, அதே இன்னிங்ஸில் பாலி உம்ரிகர் அவுட்டாகாமல் 130. ராய் ஓப்பனர், அதனால் முந்திக்கொண்டார். அந்த டெஸ்ட் தொடங்கிய அன்றுதான் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்தார். மறுநாள் ஆட்டம் இல்லை. இந்தியா டெஸ்டில் பெற்ற முதல் வெற்றியும் அதுவே. வினூ மன்கட் எடுத்த 12 விக்கெட்டைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் ரன் எடுத்தவர்களையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

மன்கட்டும் ராயும் சேர்ந்து 413 ரன் எடுத்ததைச் சேப்பாக்கத்தில் பார்த்ததாக என் தாத்தா சொல்வார். உண்மையா? (காஞ்சிபுரம்)

தாத்தா பார்த்திருக்கலாம். இடம்தான் மாறிவிட்டது. 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிரான அந்த டெஸ்ட் நடந்தது பெரியமேடு பக்கம் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். பிற்பாடு நேரு ஸ்டேடியம் என்று ஆனதே, அது. மன்கட் 231, ராய் 173. முதல் விக்கெட்டுக்கான அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் திரும்பி வந்தது 1967 பொங்கல் சமயத்தில்தான். வந்த கையோடு ஃபரூக் இன்ஜினியர் வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சை வெளுத்து, மதிய உணவுக்கு முன்பே 94 எடுத்தார். சதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து முடித்தார். மொத்தம் 109. தாத்தாவிடம் இதையெல்லாம் சொல்லித் திருத்த வேண்டாம், விடுங்கள்.

டீன் ஜோன்ஸ் 210 அடித்ததை நேரில் பார்த்தீர்களா? அவ்வளவு பெரிய விஷயமா அது? (திருநெல்வேலி)

பார்த்தேன். 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. டை ஆன டெஸ்ட், அதாவது இரண்டு அணியும் சம ரன்னில் முடித்த டெஸ்ட் என்று ஊரே சொல்லும் மேட்ச்.

செப்டம்பர் சென்னையை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை வருமா வராதா என்று வானம் மூடியிருக்கும், காற்று நின்றுபோயிருக்கும். கேலரி சிமெண்டில் வைத்த கை வழுக்கும். பக்கிங்ஹாம் கால்வாயின் வாடை வேறு. ஜோன்ஸுக்கு அது மூன்றாவது டெஸ்ட்தான். மெல்போர்ன் பையன், இந்த மாதிரிப் புழுக்கத்தை எங்கே கண்டான்? முதலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டம் துள்ளலாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் சதத்தைத் தாண்டிய பிறகு, ஒரு பந்து ஆடிவிட்டு நடந்துபோய்க் குனிந்து நின்றார். ஏதோ பிட்ச்சைப் பார்க்கிறார் என்று நினைத்தோம். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. அடிப்பார், குனிவார், நிமிர்வார், அடுத்த பந்துக்கு நிற்பார். ஓடுவதை நிறுத்தினார், பவுண்டரி மட்டும் அடித்தார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ‘போதும்டா ராஜா, உள்ளே போ’ என்று தமிழிலேயே கெஞ்சினார். எதிரணிக்காரன் அவுட்டாகாமல் வெளியே போகட்டும் என்று ஒரு ரசிகர் வேண்டியதை அன்றுதான் கேட்டேன்.

முடியவில்லை, வெளியே போகிறேன் என்று கேப்டன் ஆலன் பார்டரிடம் ஜோன்ஸ் சொன்னதாகவும், அப்படியானால் திடமான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிடுகிறேன் என்று பார்டர் சொன்னதாகவும் பின்னால் படித்தோம். பார்டரும் ஆஸ்திரேலியாவின் அந்த மாநிலத்துக்கு ஆடியவர்தான். இது உசுப்பிவிடுகிற வித்தையா, கல்நெஞ்சா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. 210-ல் அவுட்டானார். அங்கிருந்து ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். என் நோட்டில் அந்தப் பக்கத்து ஓரம் முழுக்க ‘த’தான், எண்ணவே முடியாது. பல இடத்தில் என் வேர்வை விழுந்து பென்சில் எழுத்தே கலைந்துவிட்டது.

அதே மேட்ச்சில் டேவிட் பூன் 122, பார்டர் 106, நம் கபில்தேவ் 119. அவையும் நல்ல சதங்கள்தான். யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சயீத் அன்வர் 194 அடித்தபோது அவருக்காக வேறொருவர் ஓடினார். அதை முழுச் சாதனை என்று சொல்லலாமா? (மதுரை)

சொல்லலாம். 1997 மே 21. கத்திரி வெயில் மாதம். கால் பிடித்துக்கொண்டது, அஃப்ரிதி ஓடினார். அன்றைய விதி அனுமதித்தது. சர்வதேச மேட்சுகளில் ரன்னரை நிறுத்தியது 2011-ல்தான். இன்னொரு கணக்கு பாருங்கள்: 22 பவுண்டரி, 5 சிக்ஸர். அதிலேயே 118 வந்துவிட்டது. 118 ரன்னுக்கு அஃப்ரிதியும் ஓடவில்லை, யாரும் ஓடவில்லை. கும்ளேயைத் தொடர்ந்து மூன்று சிக்ஸர் அடித்ததற்கும் ரன்னருக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் டெண்டுல்கர் பந்தில் கங்குலி பிடித்தபோது மைதானமே எழுந்து கைதட்டியது. பாகிஸ்தான்காரருக்கு! பதிலுக்கு டிராவிட் 107 எடுத்தார், ஒரு நாள் போட்டியில் அவருடைய முதல் சதம். தோற்றோம்.

முச்சதம் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? (கோவை)

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். டெஸ்டில் இந்தியர்கள் அடித்தவை மூன்று முச்சதங்கள். அதில் இரண்டு சேப்பாக்கத்தில். இரண்டையும் நான் பார்க்கவில்லை.

2008 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சேவாக் ஒரே நாளில் 257 ரன் எடுத்தது வெள்ளிக்கிழமை. நான் வேலை பார்த்த இடத்தில் லீவு தரவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 309-ல் இருந்தவர் 319-ல் போய்விட்டார். நான் எழுதியது பத்து ரன்.

2016 டிசம்பரில் கருண் நாயர் அவுட்டாகாமல் 303 எடுத்தபோது, வர்தா புயலில் சாய்ந்த மரங்களை எங்கள் தெருவில் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்டும் இல்லை. மைதானத்தில் பிட்ச்சைக் காயவைக்கத் தணல் போட்டார்களாம். அந்த பிட்ச்சில் 759 ரன்.

சொந்த ஊர்ப் பையன்கள் இங்கே சதம் அடித்ததுண்டா? (சென்னை)

ஸ்ரீகாந்த், 1987-ல் பாகிஸ்தானுக்கு எதிராக 123. அப்புறம் அஸ்வின் இரண்டு முறை: 2021-ல் இங்கிலாந்துக்கு எதிராக 106, 2024-ல் பங்களாதேஷுக்கு எதிராக 113. எனக்குப் பிடித்தது 106. கடைசி ஆளாக நின்ற சிராஜ், தானே சதம் அடித்ததைப் போல மறுமுனையில் குதித்தார். இரண்டாவதுக்கு வரும்போது ஸ்கோர் 144-க்கு ஆறு. ஆறு விக்கெட் போன பிறகுதான் மாம்பலத்துக்காரருக்குக் குஷி பிறக்கும்போல.

நீங்கள் பார்த்ததில் சிறந்த சதம் எது? 1999-ல் டெண்டுல்கர் அடித்த 136 தானே? (தஞ்சாவூர்)

எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதுகு வலியோடு ஆடினார், ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது அவுட்டானார், 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றோம். மைதானம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு வாலாஜா ரோட்டில் யாரோடும் பேசாமல் நடந்து போனேன்.

ஆனால் என் பதில் வேறு: 97. சதம் இல்லைதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1975 ஜனவரி. எனக்குப் பதினோரு வயது. பெரியப்பா கூட்டிப்போனார். பொங்கலுக்கு வாங்கிய கரும்பில் இரண்டு துண்டு அவர் மடியில். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்தார். மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருக்க, விஸ்வநாத் மட்டும் ஸ்கொயர் கட் ஆடிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன உருவம் குதிகாலில் எழும்பி வெட்டும்போது, பந்து வேலியில் மோதிய பிறகுதான் மட்டையின் சத்தம் கேட்டது போலிருக்கும். மொத்த ஸ்கோர் 190. கடைசி ஆளான சந்திரசேகர் அவுட்டானதும் விஸ்வநாத் மறுமுனையில் 97-ல் நின்றார். ‘இன்னும் மூணு’ என்று பெரியப்பா மூன்று விரலை நீட்டியபடியே இருந்தார், மடக்க மறந்துபோய். அந்த டெஸ்டை நாம் 100 ரன்னில் ஜெயித்தோம்.

கை நழுவிய சதங்களுக்கு இந்த மைதானம் பேர்போனது. தொடர்ந்து ஐந்து டெஸ்ட் சதம் அடித்த வெஸ்ட் இண்டீஸின் எவர்ட்டன் வீக்ஸ், ஆறாவதை 1949-ல் இங்கேதான் 90-ல் ரன் அவுட்டாகித் தொலைத்தார். 2023 உலகக் கோப்பையில் ராகுல் பாவம். மேட்ச் முடிவதற்குள் சதம் வர வேண்டும் என்று, முதலில் ஃபோர், பிறகு சிக்ஸர் எனக் கணக்குப் போட்டு அடித்தார். முதல் அடியே சிக்ஸராகி மேட்ச் முடிந்துவிட்டது. அவருக்கும் 97.

பெண்கள் கிரிக்கெட்டை ஏன் எழுதுவதில்லை? (திருச்சி, கல்லூரி மாணவி)

குட்டு சரிதான் அம்மா, வாங்கிக்கொள்கிறேன். 2024 ஜூனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இதே சேப்பாக்கத்தில் ஷஃபாலி வர்மா 197 பந்தில் 205, ஸ்மிருதி மந்தனா 149. முதல் விக்கெட்டுக்கு 292. முதல் நாள் முடிவிலேயே 525 ரன். நான் டிவியில்தான் பார்த்தேன். போயிருக்கலாம், முழங்கால் விடவில்லை.

முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் பார்க்க வருகிறேன். எங்கே உட்காரலாம்? (தர்மபுரி)

மேற்குப் பக்க ஸ்டாண்டில் டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள், மதியத்துக்கு மேல் நிழல். தொப்பி அவசியம். மாலையில் கடல் காற்று வரும், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். உள்ளே டிரிங்க்ஸ் வரும்போதெல்லாம் நீங்களும் குடியுங்கள்.