டில்லனின் கால், செஸ்டரின் கால்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு இரவுகளில் யூடியூபில் பழைய அமெரிக்க கௌபாய் தொடர்களைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது ‘கன்ஸ்மோக்’ ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் காலை இழுத்து இழுத்து நடக்கும் செஸ்டருக்கு உண்மையில் காலில் ஒரு குறையும் இல்லை, நிமிர்ந்து நிற்கும் காவல் அதிகாரி மார்ஷல் மாட் டில்லனுக்குத்தான் (அதாவது அந்த நடிகருக்கு) கால் கோளாறு என்று ஓரிடத்தில் படித்தேன். நம்பலாமா? கௌபாய் படங்களின் பெரிய நட்சத்திரம் ஜான் வெய்ன் மறுத்த வேடம் அது என்பதும் உண்மையா? இப்படித் துணுக்குகளைத் தேடித் தேடிப் படிப்பதை என் மனைவி வெட்டி வேலை என்கிறாள். கதையைப் பார்ப்பதோடு விட்டுவிடாமல் நடிகர்களின் சொந்தக் கதை நமக்கு எதற்கு என்று எனக்கே சில நேரம் தோன்றுகிறது. தங்கள் கருத்தை அறிய ஆவல்.

கே.

அன்புள்ள கே.,

நம்பலாம். டில்லனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸ் ஆறடி ஏழு அங்குலம். போர் விமானியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த உயரத்துக்கு விமானப் பிரிவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலாட்படைக்குப் போனார். 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியபோது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்காகப் படகிலிருந்து அவரை முதலில் இறக்கினார்கள்; இருந்தவர்களில் உயரமானவர் அவர்தான். சில நாட்களிலேயே எந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவருடைய வலது காலைச் சிதைத்தன. மாதக்கணக்கில் மருத்துவமனை வாசம். கால் சற்றே குட்டையாகிவிட்டது, வலி கடைசிவரை போகவில்லை. 1955 முதல் 1975 வரை இருபது ஆண்டுகள் மார்ஷல் டில்லன் குதிரை ஏறியது அந்தக் காலை வைத்துக்கொண்டுதான்.

செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவரோ ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் தடகள வீரர். 1948 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் டெகாத்லானில் ஆறாவதாக வந்தார். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று இரண்டு நாட்களில் பத்துப் போட்டிகள் அதில் உண்டு. மூன்று பேருக்குத்தான் லண்டன் போகும் வாய்ப்பு. அப்படிப்பட்டவர் ஏன் நொண்ட வேண்டும்? தயாரிப்பாளர் சார்லஸ் மார்க்விஸ் வாரனின் கணக்கு இது: கதாநாயகனின் கூட்டாளி திடகாத்திரமான இளைஞனாக இருந்தால், சண்டை வரும்போது இவன் ஏன் கை கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அதனால்தான் கௌபாய் படங்களில் கூட்டாளி கிழவனாகவோ தொப்பைக்காரனாகவோ இருப்பான். வீவர் இரண்டும் இல்லை. ஆகவே காலை மடக்க முடியாதவன் ஆக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் அந்தக் காலை மடக்காமலேயே அவர் குதிரையிலிருந்து இறங்கினார், விறகு மூட்டினார், காபி போட்டார். 1959இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் வாங்கினார். பரமஹம்ச யோகானந்தரின் வழியைப் பின்பற்றியவர், 1958 முதல் சைவ உணவுக்காரர், யோகப் பயிற்சி உள்ளவர். அந்த விறைத்த காலைச் சமாளிக்க ஆசனப் பழக்கம் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு பகுதியைத் திரும்பப் பாருங்கள். கதை நடக்கும் டாட்ஜ் சிட்டியின் தெருவில் செஸ்டர் “மிஸ்டர் டில்லன், மிஸ்டர் டில்லன்” என்று கூவிக்கொண்டு வருகிறான். விறைத்த கால் புழுதியில் வட்டமடிக்கிறது, இடுப்பு ஒரு பக்கம் தூக்கிப் போடுகிறது, ஆனாலும் வேகம் குறையவில்லை. ஓடத் தெரிந்த ஒருவனின் நொண்டல் அது! டில்லன் கதவருகே அசையாமல் நிற்கிறார். அந்த அசையாமையை முன்பு நாம் அதிகாரத்தின் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டோம். அது கம்பீரம்தான். ஆனால் அதற்குள் ஒரு மனிதர் எந்தக் காலில் எடையைப் போடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் இனி உங்களை விடாது.

என் அளவுகோல் இவ்வளவுதான். தெரிந்த பிறகு காட்சி வேறு மாதிரித் தெரிந்தால் அந்தத் துணுக்கை வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் அது வெறும் வம்பு. ‘பொனான்ஸா’ என்ற இன்னொரு கௌபாய் தொடரில் யார் யார் தலையில் டோப்பா வைத்திருந்தார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சுவாரசியமில்லை.

ஆனால் அதே தொடரில் கார்ட்ரைட் குடும்பம் பெரும்பாலும் ஒரே உடையில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். மூத்தவன் ஆடம் கறுப்பு, கடைக்குட்டி ஜோ பச்சைச் சட்டைக்கோட்டு, ஹாஸுக்கு அந்த உயரமான வெள்ளைத் தொப்பி. ஆயிரம் சதுர மைல் பண்ணைக்குச் சொந்தக்காரர்களுக்கு மாற்றுத்துணி இல்லையா? குதிரையில் விரையும் காட்சிகளை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு வேறு வேறு கதைகளில் ஒட்டுவதற்கான ஏற்பாடு அது. உடை மாறினால் ஒட்டு தெரிந்துவிடும். 1959இல் தொடங்கும்போதே அதை வண்ணத்தில் எடுத்ததற்கும் காரணம் வியாபாரம்தான். அதை ஒளிபரப்பிய என்பிசியின் உரிமையாளரான ஆர்சிஏ நிறுவனம் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் விற்றது. பெட்டி விற்க வேண்டுமானால் அதில் பார்ப்பதற்கு ஏரியும் பைன் மரமும் பச்சைக் கோட்டும் வேண்டும்.

இன்னொன்று. அப்பா பென் கார்ட்ரைட்டாக நடித்த லோர்ன் கிரீன் பிறந்தது 1915இல். மூத்த மகனாக நடித்த பெர்னல் ராபர்ட்ஸ் பிறந்தது 1928இல். பதின்மூன்றே வயது வித்தியாசம்! கிரீனின் குரல்தான் அவரை அப்பாவாக்கியது. உலகப் போர்க்காலத்தில் கனடா வானொலியில் செய்தி வாசித்தவர் அவர். அந்தச் செய்திகளின் கனத்தால் அழிவின் குரல் என்றே பெயர் வாங்கியவர். ராபர்ட்ஸ் 1965இல் விலகிக்கொண்டார். வளர்ந்த ஆண்பிள்ளை எதற்கெடுத்தாலும் அப்பாவிடம் அனுமதி கேட்டு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆடம் அப்பா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்கும் காட்சிகளில் அந்த எரிச்சல் கொஞ்சம் கசிகிறது என்றே எனக்குப் படுகிறது.

ஜான் வெய்ன் விஷயத்துக்கு வருகிறேன். 1955 செப்டம்பரில் ‘கன்ஸ்மோக்’கின் முதல் பகுதிக்கு முன்னால் திரையில் வந்து அறிமுகம் செய்துவைத்தவர் அவர். ஆர்னஸ் அதற்கு முன் வெய்னின் நிறுவனத்தில் ஒப்பந்த நடிகராக இருந்தார், அவருடைய படங்களில் நடித்திருக்கிறார். வெய்னிடம்தான் முதலில் கேட்டார்கள் என்ற கதையை வாரன் பின்னாளில் மறுத்துவிட்டார். அன்றைக்கு வெய்ன் இருந்த புகழின் உச்சியில் வாராந்தரத் தொலைக்காட்சித் தொடருக்கு அவர் வந்திருப்பார் என்பதே நம்பும்படியாக இல்லை.

அந்த வேடத்தை உண்மையிலேயே இழந்த ஒருவர் உண்டு, அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘கன்ஸ்மோக்’ 1952இலேயே வானொலியில் தொடங்கிவிட்டது. அங்கே மாட் டில்லன் வில்லியம் கான்ராட். கட்டையான, பருமனான மனிதர்; குரலோ மலைபோல. தொலைக்காட்சிக்கு மாற்றும்போது வானொலியின் முக்கிய நடிகர்களில் ஒருவரையும் அதே வேடத்துக்கு எடுக்கவில்லை. 1961வரை இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன: வானொலியில் கான்ராட் டில்லன், திரையில் ஆர்னஸ் டில்லன். யோசித்துப் பாருங்கள், தன்னுடைய ஆளை இன்னொருவர் உருவத்தில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஆறு வருடம் ஒலிவாங்கியின் முன் நின்று அதே ஆளைப் பேசியிருக்கிறார். பிறகு தொலைக்காட்சி ‘கன்ஸ்மோக்’கில் இரண்டு பகுதிகளை இயக்கவும் செய்தார். 1971இல் ‘கேனன்’ என்ற துப்பறியும் தொடரில் அந்தப் பருத்த உடலோடே கதாநாயகனானார்.

தொடக்க ஆண்டுகளின் திரைக்கதைகள் பலவும் ஜான் மெஸ்டன் வானொலிக்கு எழுதியவை. காதுக்காக எழுதப்பட்டவை என்பதால் அவற்றில் பேச்சு கச்சிதமாக இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. தொடரின் முகப்பில் டில்லன் தெருவில் ஒருவனோடு துப்பாக்கிச் சண்டையிடுவாரே, எதிரே நிற்பவர் ஆர்வோ ஓஜாலா. ஆர்னஸுக்குத் துப்பாக்கியை மின்னலாக உருவக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். வாராவாரம் சிஷ்யன் குருவைச் சுட்டு வீழ்த்திவிட்டுத்தான் கதை தொடங்கியது.

உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லிவிட்டு ஒரு பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். 1961க்கு முந்தைய அரைமணி நேரப் பகுதியாக இருக்கட்டும். அதற்குப் பின் ஒரு மணி நேரமாக்கி இழுத்துவிட்டார்கள். அதைப் பார்த்தால் அவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.