கேனிஸ்டர் ஃபில்டருக்கு விலை குறைந்த பயோ மீடியா எதை வாங்கலாம்?

மீன் தொட்டிக்கு வெளியே வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கேனிஸ்டர் ஃபில்டரை, விலை உயர்ந்த செராமிக் மீடியா (நல்ல பாக்டீரியா ஒட்டி வளர ஃபில்டருக்குள் போடும் பொருள்) இல்லாமல் ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். என் முதல் தேர்வு, சொரசொரப்பான பெரிய துளை ஸ்பாஞ்ச்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியா. அது மீடியாவின் மேல் வழவழப்பான மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கிறது. அதற்கு ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செராமிக் மீடியா பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும், பாக்டீரியா ஒட்டுவதற்கான பரப்பளவுக் கணக்கை நம்பி ஏமாறாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளுக்குள் தண்ணீர் அவ்வளவாகப் போவதில்லை; கொஞ்ச நாளில் அழுக்கும் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சில் அந்தத் தொல்லை குறைவு, பிழிந்தால் சுத்தம்.

பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும் நன்றாகவே வேலை செய்யும். சோப்பு, கிருமிநாசினி கலக்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரும்பு நார் வேண்டாம். எரிமலைக் கல்லும் மலிவுதான், ஆனால் இடுக்குகளில் சேரும் சேற்றைக் கழுவி எடுப்பது கஷ்டம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். மீடியாவைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகலாம். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் நாலு தடவை பிழிந்தால் போதும். பழைய மீடியாவை மாற்றுவதாக இருந்தால் பாதியை மட்டும் மாற்றுங்கள். மீதியை 4 முதல் 6 வாரம் கழித்து, அம்மோனியா சோதித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.