மாமாவுக்குத் தெரியாத 22 பவுன்

கேள்வி: எனக்கு 24 வயது. பி.டெக். ஃபுட் டெக்னாலஜி முடித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு மசாலா கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு. அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. அம்மா பேரில் உள்ள வீட்டுப் பத்திரத்தை வைத்து 42 லட்சம் கல்விக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. கட்டணத்துக்கு அது சரியாக இருக்கும். விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்துக்கு அக்காவின் 22 பவுனை அடகு வைத்து 14 லட்சம் புரட்டுகிறோம். ஒரு மாதம் காட்டிவிட்டு மீட்டுக்கொள்ளலாம், செலவுக்கு அங்கே பார்ட் டைம் வேலை இருக்கிறது என்று கன்சல்டன்சியில் சொன்னார்கள். மாமாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆவணியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அது முடிந்ததும் கிளம்புகிறேன். குளிரும் தனிமையும் எனக்குத் தாங்குமா? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? படித்து முடித்தால் வேலை உறுதியா?

பதில்:

தம்பி, குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நீங்கள் கேட்டதற்கு நாலு வரி போதும், பிறகு சொல்கிறேன். "மாமாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்" என்று நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முடிவு செய்த "நாம்" யார்? நீங்களும் அம்மாவும். நகைக்கு உரியவர் அந்த முடிவில் எங்கே இருந்தார்? அக்கா சரி என்று சொன்னதாகக்கூட உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

முதலில் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். "காட்டுகிற பணம்" என்ற சொல்லே உங்களை ஏமாற்றுகிறது. நெதர்லாந்தில் மாணவருக்கான குடியிருப்பு அனுமதிக்கு நீங்கள் நேராக விண்ணப்பிப்பதில்லை. பல்கலைக்கழகம்தான் ஐ.என்.டி. என்ற குடியேற்றத் துறையிடம் உங்களுக்காக விண்ணப்பிக்கும். உங்களிடம் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கு அதுவே பொறுப்பு. மாதம் 1,100 யூரோவுக்கு மேல் என்று கணக்கிட்டு, 12 மாதத்துக்கு 13,000 யூரோவுக்கு மேல் வேண்டும். அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் இந்தத் தொகையைத் தங்கள் கணக்கில் முன்கூட்டியே கட்டச் சொல்கின்றன. நீங்கள் போய் இறங்கி, நகராட்சியில் முகவரியைப் பதிந்து, பி.எஸ்.என். என்ற குடிமக்கள் எண் வாங்கி, அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் அது உங்கள் கைக்குத் திரும்பும். ஜூனில் கட்டினால் செப்டம்பர் கடைசி, இல்லை அக்டோபர். அப்படித் திரும்பி வருகிற பணம் மீட்பதற்காக வருவதில்லை. அடுத்த மாத வாடகை அதில்தான் போகும், அரிசியும் அதில்தான். கட்டணத்துக்கே சரியாகப் போகும் கடனில் சாப்பாட்டுக்கு வேறு எது இருக்கிறது?

ஒரு மாதத்தில் மீட்கலாம் என்று சொன்னவர் உங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டண விவரப் பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை.

இப்போது காலண்டரை எடுங்கள். ஜூனில் அடகு, அக்டோபரில் பணம். காதுகுத்து ஆவணியில். அன்றைக்கு நகை எங்கே இருக்கும்? வங்கி லாக்கரில். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நீங்கள். சீர்த்தட்டு தூக்கி வரப்போவது நீங்கள். அக்கா தன் மாமியார், நாத்தனார், வந்த சொந்தம் அத்தனை பேர் முன்னால் வெறுங்கழுத்தோடு நிற்பார். "ஆரம் எங்கே?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். உங்களைக் காப்பாற்ற அக்கா ஒரு பொய் சொல்ல வேண்டும், அதுவும் தன் மகளின் விசேஷத்தில், தன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சீர் செய்ய வேண்டிய கையால் அக்காவின் கழுத்தைக் காலி செய்துவிட்டு விமானம் ஏறுவதா? தாய்வீட்டில் போட்ட நகை பெண்ணின் சொத்து. அப்பா இல்லாத வீட்டில் அதற்குக் காவல் இருக்க வேண்டியவரே நீங்கள்.

இன்னொன்று. அடகு வைக்கும்போது நகை தன்னுடையது என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் போட்டால் அது பொய். அக்கா போட்டால் கடன் அவர் பேரில். நகைக் கடன் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் வட்டியோடு கட்டி முடிக்க வேண்டியது. இல்லையென்றால் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் படிப்போ 24 மாதம். தவறினால் ஏல நோட்டீஸ் பதிவுத் தபாலில் அக்கா வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டு வாங்கப்போவது மாமாவாகக்கூட இருக்கலாம்.

பார்ட் டைம் வேலையில் சம்பாதித்து மீட்டுவிடுவேன் என்று நினைப்பீர்கள். அந்தக் கணக்கையும் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை செய்யலாம். அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மட்டும் முழுநேரம் செய்யலாம். இரண்டும் சேர்த்துக் கிடையாது. அதற்கும் டி.டபிள்யூ.வி. என்ற வேலை அனுமதியை முதலாளி முன்கூட்டியே வாங்கித் தர வேண்டும். பக்கத்து நாட்டு மாணவரை இன்றே வேலைக்கு வைத்துக்கொள்ள முடிகிற ஓட்டல்காரர் உங்களுக்காக மனுப்போட்டுச் சில வாரம் காத்திருக்க வேண்டும். பலர் காத்திருப்பதில்லை. டச்சு பேசத் தெரியாதவருக்குக் கிடைப்பது பாத்திரம் கழுவுவது, கிடங்கில் பெட்டி அடுக்குவது மாதிரி வேலைகள். 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025 ஜூலை நிலவரப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.40 யூரோ. 16 மணி நேரமும் எல்லா வாரமும் கிடைத்தால் வாரம் 230 யூரோ, வரிக்கு முன். பரீட்சை வாரங்களில் அது கிடைக்காது.

வேலையில் சேர்ந்த அன்றே இன்சூரன்ஸும் மாறிவிடுகிறது. படிக்க மட்டும் போனவருக்கு மாணவர் இன்சூரன்ஸ் போதும். சம்பளம் வாங்க ஆரம்பித்தால் டச்சு அடிப்படை மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாதம் 150 யூரோவுக்கு மேல். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு, 2025-ல் அதிகபட்சம் மாதம் 131 யூரோ. ஆனால் அதை நீங்களாகத்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். இது தெரியாமல் பழைய காப்பீட்டிலேயே இருந்துவிட்டு, அபராதக் கடிதம் வந்த பிறகு ஓடுகிற மாணவர்கள் நிறைய.

படிப்பின் பாரத்தையும் பாருங்கள். அங்கே ஒரு கிரெடிட் என்பது 28 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 60 கிரெடிட், அதாவது 1,680 மணி நேரம். 40 வாரத்தில் பங்கிட்டால் வாரம் 42 மணி. அதன் மேல் 16 மணி வேலை. ஆண்டுக்குப் பாதி கிரெடிட், அதாவது 30 தேறவில்லை என்றால், தகுந்த காரணம் இல்லாதபட்சத்தில் பல்கலைக்கழகம் ஐ.என்.டி.க்குத் தெரிவித்தாக வேண்டும். அனுமதியே ரத்தாகலாம். மதிப்பெண் பத்துக்குத்தான். 8 வாங்கினால் அங்கே நல்ல மாணவர். நம் ஊர்க் கல்லூரியில் 90 சதவீதம் வாங்கிப் பழகியவர்கள் முதல் பரீட்சையில் 5 வாங்கி மறுபரீட்சைக்கு உட்காருவது சாதாரணம். உங்கள் இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் தீசிஸுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் போகும். தீசிஸ் மூன்று மாதம் தள்ளினால் அந்த மூன்று மாதத்துக்கும் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் கூடும். அதற்கு உங்கள் 42 லட்சத்தில் ஒரு ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்களா? யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே இரண்டு வருடக் கட்டணம் 40 லட்சத்தைத் தாண்டும்.

ஆகவே திங்கட்கிழமை நகைக் கடன் கவுண்டருக்குப் போகாதீர்கள். கல்விக் கடன் சாங்ஷன் செய்த அதே மேனேஜரிடம் போங்கள். கல்விக் கடனில் கட்டணத்தோடு தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட், லேப்டாப், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். கன்சல்டன்சி கட்டணத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததை நீங்களும் அப்படியே நீட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகம் அனுப்பிய செலவு மதிப்பீட்டைத் தாளில் எடுத்துக்கொண்டு போய், பத்திரத்தின் மதிப்புக்கு இன்னும் எவ்வளவு ஏற்ற முடியும் என்று கேளுங்கள். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு பொதுவாக ஒரு வருடம் வரையும் தவணை தொடங்காது. வட்டி மட்டும் ஏறும். அந்த வட்டியை இப்போதைய சம்பளத்தில் சேர்த்துவைத்து மாதாமாதம் கட்ட முடிந்தால் பின்னால் பாரம் பாதியாகத் தெரியும். அம்மா கையெழுத்துப் போடும் முன், தவறினால் வீடு போகும் என்பதை அவருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்காக அவர் எதிலும் கையெழுத்துப் போடுவார். அதனால்தான் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

அப்படியும் குறைகிறது, நகை வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருக்கும் நேரத்தில் போங்கள். அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். அக்காவைச் சமையலறையில் ஓரங்கட்டிக் கேட்காதீர்கள். இருவரையும் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: எந்த நகை, எத்தனை கிராம், எவ்வளவு கடன், மாத வட்டி எவ்வளவு, அதை யார் எந்தத் தேதியில் கட்டுவது, நீங்கள் ஃபெயிலானால் என்ன, வேலை கிடைக்கத் தாமதமானால் என்ன. முதல் 12 மாத வட்டியை இப்போதே தனியாக எடுத்து அக்கா கணக்கில் போட்டுவிடுங்கள். அடகு ரசீது அக்கா கையில் இருக்கட்டும். அடகு வைப்பதும் காதுகுத்துக்குப் பிறகு என்றால்தான். அதற்குள் பல்கலைக்கழகத்தின் கெடு முடிந்துவிடும் என்றால் இந்த வருடத்துக்கு அந்த நகை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டீர்களே, வேலை உறுதியா என்று. உறுதி இல்லை. பட்டம் வாங்கிய மூன்று வருடத்துக்குள் "ஸுக்யார்" என்ற ஓராண்டு தேடல் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டில் எந்த வேலையும் செய்யத் தடை இல்லை. அதற்குள் உயர்திறன் பணியாளர் அனுமதிக்கான சம்பளம் தரும் கம்பெனி கிடைக்க வேண்டும். புதுப் பட்டதாரிக்கான குறைந்த வரம்பு 2025-ல் மாதம் 2,989 யூரோ. கன்சல்டன்சியில் 30 சதவீத வரிச் சலுகை என்று ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அது வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுத்து வரப்படுகிறவருக்கு. அங்கேயே தங்கி மாஸ்டர்ஸ் படித்தவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. அதை உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். ஆராய்ச்சிப் பிரிவுகளில் ஆங்கிலம் போதும். தொழிற்சாலைத் தளத்தில் டச்சு கேட்பார்கள். முதல் மாதத்திலிருந்தே படியுங்கள்.

குளிருக்கு மழை புகாத கோட்டு வாங்குங்கள், அங்கே போய். குளிரை விட நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டுவதும் சைக்கிளில் முகத்தில் அடிக்கும் மழையும்தான் படுத்தும். சைவத்துக்குக் குறை இல்லை. பருப்பும் அரிசியும் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், ஒரு சின்ன குக்கர் எடுத்துப்போங்கள். அறைக்கு மட்டும் இன்றே வரிசையில் நில்லுங்கள். வாகனிங்கனில் மாணவர் விடுதிகளைப் பெரும்பாலும் நடத்துவது ஐடியாலிஸ் என்ற அமைப்பு. வெளியில் பார்த்தால், அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு கூடாது என்று சொல்லும் அறையை வாடகை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். பதிவு இல்லாமல் பி.எஸ்.என். இல்லை. உங்கள் பணம் பல்கலைக்கழகக் கணக்கிலேயே கிடக்கும். அறையை யாரும் நேரில் பார்க்காமல், சாவி தபாலில் வரும் என்று முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்க அங்கே சட்டம் இடம் தருவதில்லை.

மாமா வேண்டாம் என்று சொன்னால் அதோடு விடுங்கள். அக்காவைக் கண்ணீர் விடவைத்து அவர் மனதை மாற்றப் பார்க்காதீர்கள். அன்றிரவே பல்கலைக்கழகத்துக்கு மெயில் எழுதி, இந்த அட்மிஷனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அக்டோபரில் ஸ்டடிலிங்க் என்ற விண்ணப்பத் தளம் திறந்ததும் மறுபடி விண்ணப்பியுங்கள். இந்த முறை உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளையும் எழுதி வைத்துக்கொண்டு. மசாலா கம்பெனிச் சம்பளத்தில் 12 மாதம் சேமிக்கலாம். ஆவணியில் மருமகளை மடியில் வைத்துக்கொள்ளவும் ஊரில் இருப்பீர்கள்.