கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க: வாசகர் கேள்வி - பதில்

ஆடி, ஆவணியில் மட்டும் மா ஒட்டுக் கட்டப் போகிறேன். மற்ற மாதங்களில் கத்தியைத் தொடுவதில்லை. சீசன் தொடக்கத்தில் கட்டுகிற ஒட்டுகள் நிறையக் காய்ந்துவிடுகின்றன. ஏன்?
– வாசகி, சந்தூர்

பெரும்பாலும் வெட்டுதான் காரணம். மென்தண்டு ஒட்டில் (இளந்தண்டை நடுவில் பிளந்து, ஆப்பு போலச் சீவிய ஒட்டுக்குச்சியைச் செருகும் முறை) ஆப்பின் இரு பக்கமும் ஒரே இழுப்பில், 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்குத் தட்டையாக வர வேண்டும். பழக்கம் விட்ட கை பாதியில் நின்று மறுபடி சீவும். நின்ற இடத்தில் மேடு விழும்; அங்கே குச்சியும் வேர்ச்செடியும் (குச்சியைச் செருகும் கன்று) ஒட்டாது. சரிசெய்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சீவினால் நேரமும் போகும். மாவின் வெட்டுவாய் சீக்கிரம் கறுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

வைகாசிக் கடைசியிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். இதற்கு மாங்குச்சியை வீணாக்க வேண்டாம். வேலியோரத்துப் புங்கனோ வேம்போ, பென்சில் கனத்தில் பச்சைக் குச்சியாக இருந்தால் போதும். தினம் இருபது ஆப்பு சீவுங்கள். வெட்டிய பரப்பின்மேல் கத்தியின் தட்டைப் பக்கத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் பள்ளம் விழுந்திருக்கிறது. மணிக்கட்டை வளைக்கிறீர்கள் என்று அர்த்தம். மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையோடு சேர்த்து இழுங்கள்.

வெட்டு சரியான பிறகு கட்டுக்கு வாருங்கள். ஒன்றரை, இரண்டு செ.மீ. அகல பாலிதீன் நாடாவைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் பாதி ஏறும்படி சுற்றுங்கள். கட்டி முடித்துக் குச்சியை லேசாகத் திருகினால் அசையக் கூடாது. குச்சி மெலிந்தும் வேர்ச்செடி தடித்தும் இருந்தால் நடுவில் செருகாதீர்கள். ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை பொருந்த வேண்டும்.

ஒட்டுக்கத்தியின் சரிவு ஒரு பக்கம்தான். இரு பக்கமும் தீட்டினால் வெட்டு வளையும். சாணைக்காரரிடம் கொடுப்பதென்றால் இதை முதலில் சொல்லிவிடுங்கள். சீசன் முடிந்ததும் மாம்பாலைத் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்து காய்ந்தால், கையைக் குறை சொல்லாதீர்கள், குச்சியைப் பாருங்கள். வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே இலையைக் கிள்ளி, மொட்டுப் பருத்த குச்சியா?

இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து ஆறு வருடமாகிறது. இப்போது வேகம் பாதிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அடித்தால் போதுமா?
– வாசகர், அரூர்

போதாது. அந்த இரண்டு மணி நேரத்தைத் தினம் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹையருக்கான நிமிடத்துக்கு 45 சொல் வேகத்தை உடனே தொட முயல வேண்டாம். லோயரின் 30 சொல்லில் தொடங்கி, பிழை நின்ற பிறகு ஏற்றுங்கள். அடித்த தாளில் தப்பிய எழுத்துகளை வட்டமிடுங்கள். பெரும்பாலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடிக்கும் எழுத்துகளாகவே இருக்கும். அந்த எழுத்துகள் வரும் சொற்களை மட்டும் தனியாக ஐந்து நிமிடம் அடியுங்கள். செல்போனில் கட்டைவிரலால் அடிப்பது இதில் சேராது.

ஓசூரில் கம்பெனி வேலை. சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) பயிற்சி வருடத்துக்கு ஒரு முறை தருகிறார்கள். அவசரத்தில் கை வருமா?
– வாசகர், ஓசூர்

சந்தேகம்தான். மூன்று முதல் ஆறு மாதத்திலேயே இந்தத் திறமை மங்கத் தொடங்கிவிடும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கு நினைவில் நின்றாலும் அழுத்தும் ஆழம் குறைந்துவிடும். பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். களைத்தவர்கள் அங்கேதான் கையை ஊன்றி நிற்பார்கள். பயிற்சிப் பொம்மையை அலமாரியில் பூட்டாமல் வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஷிப்டு மாறும்போது மாதம் ஒரு முறை, ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். யார் 108-ஐ அழைப்பது, இரண்டு நிமிடத்தில் யார் கை மாற்றுவது என்பதையும் சேர்த்தே பழகுங்கள். பழகுவதற்காக நண்பரின் நெஞ்சில் அழுத்திப் பார்க்காதீர்கள். விலா எலும்பு முறியக்கூடும்.