பிள்ளைகளின் உடல்நலத் தேடல்: நூலகம் பற்றி நீங்கள் கேட்டவை

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில. பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: 13 வயது மகள் முகப்பரு, மாதவிடாய் வலி எல்லாவற்றுக்கும் டிக்டாக்கைத்தான் பார்க்கிறாள். எங்கள் ஊர் நூலகத் தளத்தில் டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு உடல்நலப் பகுதி ஒன்று இருக்கிறது. நம்பலாமா?

தாராளமாக. ஆனால் அதை நூலகர் உட்கார்ந்து எழுதுவதில்லை, நல்ல தளங்களாகப் பார்த்து இணைப்பு கொடுப்பார், அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டு பெயர் கண்ணில் படும். மெட்லைன்பிளஸ், அரசின் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்துவது, விளம்பரமே கிடையாது. இன்னொன்று நெமூர்ஸ் என்ற குழந்தைகள் மருத்துவ அமைப்பின் கிட்ஸ்ஹெல்த். இதில் ஒரே விஷயத்தைப் பெற்றோருக்கு ஒரு மாதிரி, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி, டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். மாதவிடாய் வலி பற்றிப் பெற்றோர் பக்கத்தை நீங்கள் படியுங்கள், டீன் பக்கத்தை அவளிடம் விட்டுவிடுங்கள், கூடவே உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டாம். ஒன்று மட்டும் காட்டிக் கொடுங்கள்: எந்த மருத்துவர் சரிபார்த்தார், எந்தத் தேதியில் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். டிக்டாக் வீடியோவில் அந்த இரண்டையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தளங்களுக்கு நூலக அட்டைகூடத் தேவையில்லை. நூலகம் காசு கட்டி வாங்கும் தரவுத்தளங்களுக்கு மட்டும்தான் அட்டை எண் கேட்கும்.

கேள்வி: பள்ளி ப்ராஜெக்டுக்காக மகன் நூலகக் கணினியில் மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடினான். பக்கம் தடுக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. ஏன்?

வடிகட்டி, அதாவது வேண்டாத தளங்களைத் தடுக்கும் மென்பொருள், செய்த வேலை. 2000-இல் வந்த குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, இணையக் கட்டணத்துக்கு மத்திய அரசின் சலுகை வாங்கும் நூலகங்கள் வடிகட்டி வைத்தே ஆகவேண்டும். 2003-இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. ஆனால் சட்டம் தடுக்கச் சொல்வது ஆபாசப் படங்களை, புற்றுநோய்க் கட்டுரையை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. உடல்நல ஆய்வு செய்யும் கெய்சர் குடும்ப அறக்கட்டளை 2002-இல் இதைச் சோதித்துப் பார்த்தது: வடிகட்டியை மிகக் குறைவாக வைத்தால் உடல்நலத் தளங்களில் 1.4 சதவீதம் அடைபட்டது, உச்சத்தில் வைத்தால் 24 சதவீதம். சரி, அந்த அளவுக்கு இறுக்கியதில் ஆபாசத் தளங்களாவது கூடுதலாக அடைபட்டதா என்றால், 87 சதவீதம் 91 ஆனது, அவ்வளவே. பழைய ஆய்வுதான், ஆனால் வீட்டு வைஃபையில் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கும் அப்பாக்களும் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்கலாம். நூலகத்தில் தயங்காமல் மேசையில் போய்ச் சொல்லுங்கள், தவறாக அடைபட்ட தளத்தைத் திறந்துவிடக் கேட்கலாம். மகனே கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: 15 வயது மகன் என்ன புத்தகம் எடுக்கிறான், எதைத் தேடுகிறான் என்று நூலகத்தில் கேட்டால் சொல்வார்களா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நூலகப் பதிவுகள் ரகசியம் என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. விஸ்கான்சின் போன்ற சில இடங்களில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பதிவைப் பெற்றோர் கேட்டு வாங்கலாம். கணினியில் தேடியதோ, பெரும்பாலான நூலகங்களில் அவன் எழுந்து போனதும் அழிந்துவிடும். என்னைக் கேட்டால், வாங்க முடிந்தாலும் வாங்காதீர்கள். விஷயம் தெரிந்தால் நூலகத்தை விட்டுவிட்டுப் போனில் கண்டதையும் தேடுவான். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வானோ என்ற பயம் இருந்தால் பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவனிடமே நேராகக் கேளுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். பேசப் பிடிக்காத பிள்ளை குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

கேள்வி: மகளின் ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு) குறைவு என்று வந்தது. நூலகரிடம் காட்டினால் விளக்கவே மாட்டேன் என்கிறார்!

விளக்கக் கூடாது, அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஃபெரிட்டின் பரிசோதனை எதற்கு என்று சொல்லும் மெட்லைன்பிளஸ் பக்கத்தை எடுத்துக் கொடுப்பார், அதைக் கேளுங்கள். உங்கள் மகளுக்கு அந்த எண் போதுமா, மாத்திரை வேண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, ஓரத்தில் உங்கள் கேள்விகளை எழுதிக் கொண்டுபோங்கள். அதுவரை வீட்டில் மிச்சமிருக்கும் இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.