சட்டையில் எழுதியிருப்பதை நம்பலாமா?

தம்பி, செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேரப் போகிறீர்கள். அங்கே படிப்பவர்கள் எல்லாரும் சிரிக்கத் தெரியாத புத்தகப் புழுக்கள், ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுபவர்கள், நூலகத்தைத் தாண்டி உலகம் அறியாதவர்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள், இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே ஆய்வு மாணவியாக வந்து, இளநிலை வகுப்புகளில் பாட உதவியாளராக இருந்து, பட்டம் வாங்கிய பிறகும் பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க் பகுதியை விட்டுப் போக மனம் வராமல் இங்கேயே குடியேறிவிட்டவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெயரை ஊரார் சூட்டவில்லை, மாணவர்களே சூட்டிக்கொண்டார்கள். "கொண்டாட்டம் சாக வரும் இடம்" என்று டி-சட்டையில் அச்சடித்து மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் அவர்கள்தான். தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவனைச் சிரிக்கத் தெரியாதவன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் கேலிக்குள் கொஞ்சம் கர்வமும் பதுங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயருக்கு வரலாறும் துணை நிற்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (நம்மூர்க் கால்பந்து வேறு) மிக உயர்ந்த விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலில் வென்றவர் இந்தப் பல்கலைக்கழக மாணவர். நான்கே ஆண்டுகளில், 1939இல், கால்பந்து படிப்பைக் கெடுக்கிறது என்று சொல்லி அணியையே கலைத்துவிட்டார்கள். வெறிச்சோடிக் கிடந்த அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. மைதானம் இருந்த இடத்தில் இன்று ரீகன்ஸ்டைன் நூலகம் நிற்கிறது. விளையாட்டுத் திடலை இடித்து நூலகம் கட்டிய ஊரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். கால்பந்து 1969இல் திரும்பி வந்துவிட்டது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

படிப்புச் சுமை பற்றிய பேச்சு பொய்யில்லை. இங்கே ஆண்டை இரண்டாகப் பிரிப்பதில்லை, காலாண்டு முறை. ஒரு பருவத்தில் கற்பித்தல் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். பாடம் என்னவென்று பிடிபடுவதற்குள் இடைத்தேர்வு வந்து வாசலில் நிற்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது. பிள்ளைகள் நூலகத்தில் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த நாட்காட்டிதான், பிறவிக் குணமல்ல.

ஆனால் 'புத்தகப் புழு' என்ற சொல் சரியாகப் பொருந்தவில்லை. புழு பேசாது. இவர்கள் ஓயாமல் பேசுபவர்கள். எந்தத் துறையை எடுத்தாலும் இலக்கியம், தத்துவம், சமூகவியல், அறிவியல் என்று ஒரு பொதுப் பாடத்திட்டத்தை எல்லாரும் கடந்தாக வேண்டும். அதில் பல வகுப்புகள் இருபது பேருக்கு உட்பட்டவை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாடநூல் சுருக்கத்தை அல்ல, மூலநூலையே படித்துவிட்டு வாதிட வேண்டும். வாய் திறப்பதற்கும் மதிப்பெண் உண்டு.

நான் உதவியாளராக இருந்த ஒரு வகுப்பில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி நான்கு வாரம் ஒரு சொல் பேசவில்லை, ஆசிரியர் இருமினால்கூடக் குறிப்பெடுத்துக்கொள்வாள். ஐந்தாம் வாரம் தயங்கித் தயங்கி, "இவர் மூன்றாம் பக்கத்தில் சொன்னதை முப்பதாம் பக்கத்தில் மறுக்கிறாரே?" என்று கேட்டாள். மிச்ச நேரம் முழுவதும் வகுப்பு அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அடித்துக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து அவளை நிறுத்துவதுதான் என் வேலையாயிற்று.

காலை வாருவார்கள் என்பதை நான் பார்த்ததே இல்லை. கணக்கு, இயற்பியல் வீட்டுப்பாடங்களை ஒற்றை ஆளாக முடிக்க முடியாது என்பதாலேயே கூட்டாக உட்கார்ந்து தீர்ப்பார்கள். விடையை எழுதுவது மட்டும் தனித்தனியாக.

நம்மவர் வீடுகளில் விஞ்ஞானி சந்திரசேகர் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து காரோட்டி வந்து இரண்டே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார், அந்த இருவரான லீயும் யாங்கும் 1957இல் நோபல் பரிசு பெற்றார்கள், ஆசிரியருக்கே அது 1983இல்தான் கிடைத்தது என்பது கதை. "அப்படிப்பட்ட இடம், பார்த்து நடந்துகொள்" என்று முடிப்பார்கள். எனக்கென்னவோ அதில் தெரிவது கண்டிப்பு அல்ல. இரண்டு பேரோடு பேசுவதற்காக அவ்வளவு தூரம் வந்த மனிதருக்கு அந்தப் பேச்சு எவ்வளவு இனித்திருக்க வேண்டும்!

கொண்டாட்டம் சாகும் இடம் என்று சட்டையில் இருந்ததே, அந்தக் கொண்டாட்டத்தையும் வீட்டுப்பாடம் போலத்தான் செய்வார்கள். மே மாதத்தில் 'ஸ்கேவ்' என்ற பொருள்வேட்டை, 1987இலிருந்து நடக்கிறது. நூற்றுக்கணக்கான விசித்திரப் பொருட்களைப் பட்டியலிட்டுக் கொடுத்து நான்கு நாளில் கொண்டுவரச் சொல்வார்கள். 1999இல் பட்டியலில் அணு உலை ஒன்றும் இருந்தது. விளையாட்டாகத்தான் எழுதினார்கள். இயற்பியல் மாணவர்கள் இருவர் அதைச் செய்தே காட்டி, புளுட்டோனியத்தின் தடயத்தையும் உண்டாக்கினார்கள். ஜனவரியில் ஒரு வாரம் விடியற்காலை ஆறு மணிக்குக் கூடிச் சூரிய நமஸ்காரம் செய்வார்கள், கடைசி நாள் மிச்சிகன் ஏரிக்கரையில். சூரியன் வந்தாலும் வராவிட்டாலும் நமஸ்காரம் உண்டு. ஐந்து நாளும் தவறாமல் வந்தவர்களுக்கு ஒரு டி-சட்டை பரிசு. சட்டைக்காக உயிரையும் விடுவார்கள் போலிருக்கிறது.

இன்னொன்றும் உறவினர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பெயர் உருவான காலம் வேறு. 2005 வாக்கில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு இடம் கிடைத்தது, ஏனென்றால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டுமே விண்ணப்பித்தார்கள். இப்போது ஐந்து பேருக்குக் கிடைத்தால் அதிகம். எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் இதற்கும் விண்ணப்பிக்கிறார்கள். பொருளாதாரம் படித்து நிதித்துறைக்குப் போகிறவர்கள் கணிசம். பழைய மாணவர்களைக் கேட்டால், பிள்ளைகள் முன்புபோல் கிறுக்காக இல்லையே என்று அங்கலாய்ப்பார்கள். எனக்கும் அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு.

கர்வம் என்றேனே, அதுதான் நீங்கள் பயப்பட வேண்டியது. தூங்காததைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிபவர்கள் இங்கே உண்டு. "நான் மூன்று மணிக்குப் படுத்தேன்" என்றால் இன்னொருவன் "நான் படுக்கவே இல்லை" என்பான். பாதி கதை, தம்பி. ஆனால் புதிதாக வந்தவன் அதை நம்பி நிஜமாகவே தூக்கத்தை விட்டுவிடுகிறான். சட்டையில் இருப்பதைச் சட்டமென்று எடுத்துக்கொண்டு, சிரித்தால் குற்றம் என்பதுபோல் ஓர் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் பருவத்தில் மூன்று பாடம் மட்டும் எடுங்கள். நான்கு எடுக்காவிட்டால் மானம் போய்விடும் என்று அறைத்தோழன் சொல்வான். அவன் எத்தனை எடுத்திருக்கிறான் என்று ஐந்தாம் வாரத்தில் கேட்டுப் பாருங்கள்.